இரண்டாவது ஜாமீன்

அத்தியாயம் 14

"இனிமே எந்த மனுஷனுக்காகவும் நான் ஜாமீன் கையெழுத்துப் போட மாட்டேன்மா. இந்த வீட்ல யாரும் என்கிட்ட கேக்கவும் கூடாது."

"சரிப்பா."

"உன் காலேஜ் படிப்பு..."

"பரவாயில்லப்பா."

"பரவாயில்லன்னு சொல்லாத. நீ அப்படிச் சொல்றதுதான் எனக்குத் தாங்கல."

"வேற என்னதாம்பா சொல்லணும்? நீங்களே சொல்லிக் குடுங்க, சொல்லிடறேன்."

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஓர் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது இது. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் எண் குறித்து வருவது அப்பாவின் வேலை. அதனால் தெருவுக்கே அவர் 'மீட்டர் ஐயா'. சைக்கிள் கடை வைத்திருந்த நண்பனுக்காக, சைக்கிள் சீட்டின் மேலேயே கடன் ஜாமீன் பேப்பரை வைத்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நண்பன் ஒருநாள் கடையைப் பூட்டிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. நான்கு வருடம் அப்பாவின் சம்பளத்தில் பாதி அந்தக் கடனுக்குப் போனது. மகளின் படிப்பு முதல் வருடத்தோடு நின்றது.

சம்பளத்தைப் பிடித்த அதே கூட்டுறவுச் சேமிப்பு வங்கிதான் அந்த மகளுக்கு எழுத்தர் வேலையும் கொடுத்தது. இது அப்பாவுக்கு இன்றுவரை செரிக்கவில்லை. மகளுக்குச் செரித்துவிட்டது. வங்கிப் பதிவேட்டை எழுதுகிறவள் என்பதால் இன்று ஊரில் அவளுக்கு 'லெட்ஜர் அக்கா' என்று பெயர். கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். வருடத்தில் எட்டு மாதம் கடலில். அதனால் அக்கா இருப்பது அப்பா வீட்டில்தான்.

போன வாரம், அக்காவின் தம்பி மனைவியின் கடன் விண்ணப்பத்தை ஒருவழியாக நிரப்பி முடித்தார்கள் என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டீர்கள் அல்லவா? அந்த நிம்மதி புதன்கிழமை காலை பத்தேகால் வரைதான் தாங்கியது.

தம்பி மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் தையல்காரி. சின்ன உருவம், நின்ற இடத்தில் நிற்க மாட்டாள். தையல் மெஷினுக்குள் நூலோடு சுழலும் சின்ன உருளையைப் போல் இருக்கிறாள் என்று தம்பி வைத்த 'பாபின்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதே வீட்டின் மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடையும் ஜன்னல் திரையும் தைக்கிறாள். ஆர்டர் குவிகிறது, உட்காரத்தான் இடமில்லை. பஸ் டிப்போ பக்கத்தில் இரண்டு ஜன்னல் வைத்த அறை ஒன்று காலியாகியிருக்கிறது. அதைப் பிடித்து, மூன்று மெஷின் போட்டு, இரண்டு பெண்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அறைக்காரர் இன்று மாலை ஐந்து மணி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குமேல் என்றால் செல்போன் கவர் விற்கும் ஒருவர் அட்வான்ஸோடு தயாராக நிற்கிறார்.

வங்கியின் கடன் கமிட்டி கூடுவது மாதத்தில் ஒரே நாள், இரண்டாவது புதன் மாலை நாலு மணிக்கு. அதாவது இன்று.

*

காலை பத்தேகாலுக்கு முடிதிருத்தக் கடைக்காரர் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"லெட்ஜர், என் பணத்தை எடு."

"குடுக்க முடியாதுண்ணே."

"என் பணம்மா அது!"

"உங்க பணம்தான். இதுவும் உங்க எழுத்துதான்." கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பேனாவால் தட்டினாள் அக்கா. 'என் மகள் பரீட்சைக் கட்டணம் கட்டும்வரை நானே வந்து காலில் விழுந்தாலும் பணம் கொடுக்கக் கூடாது' என்று எழுதி, கீழே அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அது அன்னிக்கு எழுதினது."

"இன்னிக்கு வேற ஆளா நீங்க?"

"எதிர்ல பெரிய பேங்க் இருக்கு தெரியுமில்ல? மெஷின்ல அட்டையைச் சொருகினா பேசாம குடுக்கும்."

"அதுக்குத்தானே அங்க போடாம இங்க போடறீங்க?"

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் இதே பாட்டு. இந்தப் பக்கம் ஓர் அம்மாள் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டி, "இதுல சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு பாத்துச் சொல்லும்மா" என்று காத்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு பெரியவர், மகன் வெளியூரிலிருந்து அனுப்பிய கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தார். அதை அக்கா படித்துக் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் தனியாக ஒரு கவுண்டர் திறக்கலாம் என்று அக்கா நான்கு முறை எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான்கு முறையும் கமிட்டி சிரித்துக்கொண்டே கோப்பில் வைத்துவிட்டது.

"இதோ பாரு லெட்ஜர், நீ குடுக்கலைன்னா எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வருவேன். போன மாசம் என் நாற்காலி லோனுக்கு ஜாமீன் நின்னவன் அவன். என் நாணயம் என்னன்னு அவன் வந்து சொல்லுவான்."

ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கக் கை நீட்டிய அக்கா அப்படியே நின்றாள்.

"யாரு நின்னது?"

"எலக்ட்ரீஷியன். நீதானேம்மா எழுதின?"

அக்கா பதிவேட்டை இழுத்துத் திருப்பினாள். ஒருவர் இரண்டு பேருக்கு மேல் ஜாமீன் நிற்கக் கூடாது என்பது வங்கியின் விதி. எலக்ட்ரீஷியன் பக்கத்தில் முதல் வரியில் ஒரு பெயர். இரண்டாவது வரியில் முடிதிருத்தக் கடைக்காரர், போன மாதத் தேதியோடு. இரண்டும் அவள் கையால் எழுதியவை. பாபினின் விண்ணப்பத்தில் இரண்டாவது ஜாமீனாக அதே எலக்ட்ரீஷியனின் பெயரைப் போன வாரம் வீட்டில் உட்கார்ந்து எழுதியதும் அவள்தான். ஊருக்கெல்லாம் பதிவேட்டைப் பார்த்து எழுதுகிறவள், வீட்டு விஷயம்தானே என்று நினைவிலிருந்து எழுதிவிட்டாள்.

"என்னம்மா, பணம் தர்றியா?"

"அண்ணே, இப்ப நீங்க இங்கேருந்து போகலைன்னா நான் உங்க கால்ல விழுந்துடுவேன்."

அவர் பயந்துபோய்க் கிளம்பினார்.

*

தம்பி பள்ளி வேன் ஓட்டுகிறான். போனை எடுத்ததும் முப்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் கத்தும் சத்தம்தான் கேட்டது.

"அக்கா, நடு ரோட்டுல நிக்கறேன். ஒருத்தன் வாந்தி எடுத்துட்டான். சீக்கிரம் சொல்லு."

சொன்னாள்.

"ஏன்க்கா, ஊர்ல எவனுக்கு யாரு ஜாமீன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவியே!"

"சொல்லுவேன். இதை விட்டுட்டேன். திட்றதுன்னா சாயங்காலம் உக்காந்து திட்டு."

"நானே நிக்கறேன், விடு."

"பொண்டாட்டிக்குப் புருஷன் நிக்கக் கூடாதுடா! இதை ஆறு மாசமா உனக்குச் சொல்றேன்!"

"அப்ப நீ நில்லு."

"இங்க வேலை பாக்கறவங்க யாருக்குமே நிக்கக் கூடாது. அதையும் ஆறு மாசமா சொல்றேன்."

"அப்ப எவன்தான் நிக்கறது? பெரிய பேங்க்ல போய்க் கேட்டா சம்பளச் சீட்டு எங்க, வீட்டுப் பத்திரம் எங்கங்கறான். பத்திரம் அப்பா பேர்ல இருக்கு. இவளுக்குச் சம்பளச் சீட்டு யாரு குடுப்பா, ஊசியா?"

அக்கா பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சாவிக்காரர் இருவருக்கு நிற்கிறார். நூல் கடைக்காரம்மா இருவருக்கு. செருப்புத் தைப்பவருக்கு நூல் கடைக்காரம்மா, நூல் கடைக்காரம்மாவுக்குச் சலவைக்காரம்மா, சலவைக்காரம்மாவுக்குச் சாவிக்காரர். தெருவே ஒருவரையொருவர் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. பாபினுக்கு முதல் ஜாமீனாகச் சலவைக்காரம்மா வந்ததே பெரிய விஷயம். சொந்தக்காரர்களில் உறுப்பினராக இருந்து, யாருக்கும் நிற்காத ஒரே ஆள் உறுப்பினர் எண் நாற்பத்தொன்று. அந்தப் பக்கம் இருபத்திரண்டு வருடமாக வெள்ளையாகக் கிடந்தது.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். அப்பாதான்டா."

குழந்தைகளின் சத்தத்துக்கு மேல் தம்பி கத்தினான்: "அதுக்கு அந்த வாந்தி எடுத்த பையனைக் கேக்கலாம்."

*

அப்பாவுக்கும் பாபினுக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டைக்குப் பேச வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் தம்பி யாரிடமும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். ஒரு வீட்டில் மீட்டர் பார்க்கும்போது அந்த வீட்டுக்காரர், "மருமகள் வந்தாச்சாமே" என்று கேட்டுத்தான் அப்பாவுக்கு விஷயமே தெரிந்தது. அவர் கத்தவில்லை, வெளியே போ என்று சொல்லவுமில்லை. அன்றிலிருந்து அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை, அவ்வளவுதான். பாபின் இரண்டடி தூரத்தில் நிற்கும்போதே மகளைப் பார்த்து, "மோட்டார் ஓடிட்டே இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லு" என்பார். "நிறுத்தியாச்சுன்னு சொல்லுங்க அண்ணி" என்பாள் பாபின். மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. நடுவில் நிற்கிறவளுக்குத்தான் கழுத்து வலி.

பன்னிரண்டு மணிக்கு பாபின் வங்கிக்கு வந்தாள். இஸ்திரி போட்ட புடவை, பிளாஸ்டிக் கவரில் விண்ணப்பம். விஷயத்தைக் கேட்டதும் பெஞ்சில் உட்கார்ந்தாள். மெஷின் முன்னால் தவிர வேறெங்கும் அவள் உட்கார்ந்து அக்கா பார்த்ததே அபூர்வம்.

"நீங்கதானே எழுதினீங்க அண்ணி?"

"நான்தான். என் பேனாவாலதான். என்ன வேணா சொல்லு."

"என்ன சொல்ல? உங்களைத் திட்டினா எனக்கு வீட்ல பேச ஆளே இல்ல."

"அப்பாவைக் கேக்கலாம்."

"அவரா? தண்ணி வேணும்னாக்கூட உங்ககிட்ட சொல்லித்தான் கேக்கறாரு. இங்க வந்து எனக்காக நிப்பாரா?"

"நான் பேசறேன்."

"நீங்க பேசி என்ன ஆகும்? கமிட்டியில நான்தானே என் வாயால கேக்கணும்?"

அதுதான் சிக்கல். இந்த வங்கியில் ஜாமீன் கையெழுத்தை வெளியில் வாங்கிவர முடியாது. கடன் கேட்பவர் கமிட்டியின் முன்னால் நின்று, ஜாமீன் நிற்பவரின் முகத்தைப் பார்த்து, 'எனக்காக நிற்பீர்களா' என்று கேட்க வேண்டும். அவரும் கேட்டவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பேனா கைக்கு வரும். சைக்கிள் சீட்டில் போட்ட ஒரு கையெழுத்தால் ஒரு குடும்பம் படுத்துவிட்டது என்று, அதற்கடுத்த வருடம் கமிட்டி கொண்டுவந்த விதி அது.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம் அண்ணி."

"ரூம் அடுத்த மாசம் இருக்குமா?"

பாபின் கவரின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அந்த ரெண்டாவது ஜன்னல் பக்கம்தான் கட்டிங் டேபிள் போடலாம்னு அளந்துகூட வெச்சேன்" என்றாள்.

*

மதிய இடைவேளையில் அக்கா வீட்டுக்கு நடந்தாள். வழியில் மூன்று பேர் நிறுத்தி, பாஸ்புக்கைப் பற்றிக் கேட்டார்கள். மூன்றாவது ஆளிடம், "எனக்கும் குடும்பம் இருக்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மீட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட அப்பா சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"அவங்க இல்லியா? மெஷின் சத்தத்தைக் காணோமே."

"பேங்க்ல இருக்கா."

"ஓ. இன்னிக்குத்தானே? நல்லபடியா நடக்கட்டும்."

"நடக்காதுப்பா. ஒரு ஜாமீன் குறையுது. நான் பண்ணின தப்பு." அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். "நீங்க வரணும்."

அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார். ரொம்ப மெதுவாக வைத்தார்.

"உனக்கு நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஏன் கேக்கற?"

"நான் கேக்கல. அவ கேப்பா. நீங்க வந்து உக்காந்தா போதும்."

"உன் படிப்பு போச்சும்மா என்னால. முதல் வருஷம் புஸ்தகத்தை நீ பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டப்ப நான் வாசல்ல நின்னு பாத்தேன். மறுபடி என்னை அந்தப் பேனாவைப் பிடிக்கச் சொல்றியா?"

அக்காவுக்கு எங்கிருந்து அவ்வளவு எரிச்சல் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. காலையிலிருந்து சேர்த்து வைத்ததாக இருக்கலாம். இருபத்திரண்டு வருடமாகவும் இருக்கலாம்.

"அப்பா, அதுக்கு நான் அழுது முடிச்சு இருபது வருஷமாச்சு. நீங்கதான் இன்னும் முடிக்கல. தினம் காலையில என் முகத்தைப் பாத்ததும் உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆகுதே, அதைப் பாத்துட்டுத்தான் நான் வேலைக்கே கிளம்பறேன். எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்குப்பா! என் பணத்தை என்கிட்டயே குடுக்காதன்னு எழுதிக் குடுத்த ஆளு, காலையில வந்து குடுன்னு சண்டை போடறான். அந்த மாதிரி ஒரு இடம் வேற எங்க இருக்கு?"

அப்பா வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த சைக்கிள்காரன் உங்களை ஏமாத்தினான். இவ ஆறு வருஷமா படிக்குக் கீழ உக்காந்து தைக்கறா. நீங்க தினம் அந்தத் துணியைத் தாண்டித்தான் மேல போறீங்க. அவ ஒரு நாளாவது லீவு போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"கொறை சொல்ல மாட்டேன். உழைப்பாளிதான்."

"அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க?" அக்கா எழுந்தாள். "எனக்கு நேரமாச்சு. குழாயாவது ஒழுகாம இருக்கட்டும்."

வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னால் குரல் வந்தது.

"என் பாஸ்புக்ல என்ட்ரி போட்டு எத்தனை வருஷமாச்சு?"

அக்கா திரும்பினாள். "என்ன?"

"என்ட்ரி போடணும்ல. அதுக்கு வரேன். அதுக்கு மட்டும்தான். வேற எதுவும் நினைச்சுக்காத."

"சரிப்பா. சட்டையைப் போட்டுட்டு வாங்க. பனியனோட வந்தா என்ட்ரி போட மாட்டோம்."

*

மணி நாலு. கவுண்டரை மூடிவிட்டு நடு ஹாலில் நீள மேஜையைப் போட்டார்கள். கமிட்டித் தலைவி பணிஓய்வு பெற்ற பிரசவ நர்ஸ். ஊரில் பாதிப் பேரைத் தலைகீழாகப் பிடித்து அழ வைத்தவர் என்பதால் மீதிப் பேருக்கும் அவரிடம் பயம்தான். பக்கத்தில் நான்கு உறுப்பினர்கள். ஓரத்தில் பதிவேட்டோடு அக்கா.

தம்பி வேனை எங்கோ நிறுத்திவிட்டு ஓடி வந்திருந்தான். சட்டையில் காலை நடந்த வாந்தியின் கறை. அப்பா பெஞ்சின் கடைசியில் பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவர் போல் உட்கார்ந்திருந்தார். அவரை அங்கே பார்த்த பாபினின் முகம் வெளுத்தது.

"தையல் லோன்" என்றார் நர்சம்மா. "இந்தப் பொண்ணு வேலையைப் பத்தி யார் பேசறது?"

"என் ரெண்டு பிள்ளைக்கும் இவதான் சீருடை தெச்சா" என்றார் கமிட்டியில் இருந்த செருப்புத் தைப்பவர். "பிள்ளைங்க வளந்துடுச்சுங்க. துணி இன்னும் கிழியல. அதுதான் இவகிட்ட குறை."

"சரி. முதல் ஜாமீன்?"

பாபின் கேட்டாள். சலவைக்காரம்மா, "நிக்கறேன்டி, இதுல என்ன கேள்வி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடியில் துணி கிடக்கிறது என்று ஓடினாள்.

"ரெண்டாவது எலக்ட்ரீஷியன்னு எழுதியிருக்கு. அவர் நிக்க முடியாதாமே. லெட்ஜர், நீயா இப்படி?"

"என் தப்புதான் நர்சம்மா."

"வேற யாரு?"

மணி நாலரை. பாபினின் கையில் போன் அதிர்ந்தது. அறைக்காரர். அவள் எடுக்கவில்லை. தம்பி அக்காவைப் பார்த்தான், அக்கா அப்பாவைப் பார்த்தாள், அப்பா பாஸ்புக் அட்டையைப் பார்த்தார்.

"ஏம்மா, கேக்கறதா இருந்தா கேளு. இல்லைன்னா அடுத்த ஆளைக் கூப்பிடறேன். எனக்கு முட்டி வலிக்குது."

பாபின் எழுந்தாள். நான்கு எட்டு வைத்துப் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாமா, எனக்காக நிப்பீங்களா?"

ஆறு வருடத்தில் அவள் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. அப்பா நிமிர்ந்தார். வாய் திறந்தது. பழக்கம் என்ற ஒன்று இருக்கிறதே, முகம் தானாக மகள் பக்கம் திரும்பியது.

"எத்தனை மாசத்துல கட்டி முடிப்பாங்கன்னு அவங்ககிட்ட கேளும்மா."

ஹாலில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டான். அக்கா பேனாவை மேஜையில் போட்டாள்.

"மீட்டர் ஐயா!" நர்சம்மாவின் குரல் சுவரில் இடித்தது. "இங்க மூணாவது ஆள் மூலமா பேசறது கிடையாது. கேட்டவங்க முன்னாடி நிக்கறாங்க. உங்களால வந்த விதி இது. உங்களுக்கே தெரியலையா?"

அப்பா கூனிக்குறுகிப்போனார். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் பாபின் கையிலிருந்த பிளாஸ்டிக் கவரைப் பெஞ்சின் மேல் வைத்தாள். அவள் குரலில் அழுகை இல்லை. பொறுத்துப் பொறுத்து அலுத்துப்போன குரல்.

"மாமா, உக்காருங்க. கையெழுத்து வேணாம். ரூமும் வேணாம், போகட்டும். நீங்க மாடிப்படி ஏறும்போதெல்லாம் மெஷினை நிறுத்திடுவேன், எதுக்குத் தெரியுமா? இன்னிக்காவது ஏதாவது சொல்லுவீங்களோ, சத்தத்துல கேக்காம போயிடுமோன்னு. திட்டறதுக்காகவாவது பேசுவீங்கன்னு பாத்தேன். என் வாயால கேக்கணும்னா இதைத்தான் கேப்பேன். என்னைப் பாருங்க மாமா. என்கிட்ட பேசுங்க."

(தொடரும்)